பாறைக்கொத்தூர்த் துறைமுகம்

கடல் எப்படி இருக்கும் என்று பாறைக்கொத்தூரில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமலே அவர்கள் நன்றாகத்தான் இருந்தார்கள். பாறைக்கொத்தூர் என்று ஓர் ஊர் இருப்பது கடலுக்குத் தெரிந்துபோனதில்தான் வினை ஆரம்பித்தது.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற சாலையில் சூளகிரிக்கு முன்பாகவே இறங்கி, வண்டிப்பாதையில் நடந்து, ஆற்றைத் தாண்டினால் ஊர். கோடையில் ஆடுகூடக் கால் நனைத்துத் தாண்டிவிடும் ஆறு அது. ஆடி பிறந்தால் அதற்குத் தலைக்கனம் ஏறிவிடும். கார்த்திகை முடிகிற வரைக்கும் ஊரை ஒரு பக்கமும் உலகத்தை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்துவிடும். அந்த மாதங்களில் ஊருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு பரிசல். மூங்கிலால் முடைந்து எருமைத்தோல் போர்த்தியது. அதைத் தள்ளுவதற்கென்று தனி ஆள் கிடையாது, வீட்டுக்கு ஒரு வாரம் முறை. முறை முடிந்தவன் திங்கட்கிழமை காலையில் கோலைக் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசலில் சாய்த்துவிட்டு வருவான். சொல்லிக்கொள்வது, கேட்டுக்கொள்வது ஒன்றும் இல்லை. வாசலில் கோல் சாய்ந்திருந்தால் அந்த வீட்டு முறை, அவ்வளவுதான். சாய்த்த கோலை வேண்டாம் என்று சொன்ன வீடு ஊரில் இல்லை.

திம்மப்பன் அந்த ஊரில் கேழ்வரகு விதைத்துப் பிழைக்கிறவன். அவனுடைய முதல் பிள்ளை இந்த ஆற்றங்கரையில்தான் போயிற்று. ஓர் ஐப்பசியில் அவன் மனைவி சாந்தம்மாவுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று மருத்துவச்சி மாரம்மா சொல்லிவிட்டாள். பரிசலை இறக்க முடியாத வெள்ளம். வடியட்டும் என்று காத்திருந்த நேரத்தில் பிள்ளை வயிற்றிலேயே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு திம்மப்பன் ஆற்றோடு பேசுகிறவன் ஆனான். நல்ல பேச்சு இல்லை.

ஓசூர் சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, ஒரு பாலம் போட்டுக் கொடுங்கள் சாமி என்று கும்பிட்டான். ஊரார் சிரித்தார்கள். ஆனால் அதிசயம் நடக்காமல் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் பாலம் சாங்ஷன் ஆகி, சித்திரை மாதம் கரையில் கருங்கல் வந்து குவிந்தது. அப்போது சாந்தம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். சாயங்காலமானால் வந்து அந்தக் கல் குவியலில் உட்கார்ந்துகொள்வாள்.

"பாலம் முடியறதுக்கும் எனக்கு நாளு வர்றதுக்கும் சரியா இருக்கும், பாத்துக்க" என்பாள். புரட்டாசி என்று மாரம்மா கணக்குச் சொல்லியிருந்தாள். திம்மப்பன் கல்லைத் தடவிப் பார்ப்பான், மாட்டைத் தடவிப் பார்க்கிற மாதிரி.

இங்கே கடலை உள்ளே விட்டாக வேண்டும். அந்தக் கடலோரத்தில் மணல்மேட்டுப் பட்டினம் என்று ஒரு துறைமுகம் இருந்தது. நம் ஆறு மலையிறங்கி, நாடெல்லாம் அலைந்து, கடைசியில் அங்கேதான் கடலில் விழுந்தது. விருந்துக்குப் போகிறவன் மாதிரி வெறுங்கையோடு போகாமல் மணலையும் கொண்டுபோயிற்று. அந்த மணல் துறைமுகத்து வாயை அடைத்து, கப்பல் வருவது நின்று வெகுகாலம் ஆகியிருந்தது. கப்பல் நின்றாலும் ஆபீஸ் நிற்கவில்லை. சொல்லப்போனால் கப்பல் தொந்தரவு இல்லாததால் வேலை சுறுசுறுப்பாக நடந்தது.

இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் வந்தது. எந்தத் துறைமுகத்துக்கு முதலில் பணம் கொடுப்பது என்று தீர்மானிக்க டெல்லியில் தேசியத் துறைமுக முன்னுரிமைக் குழு என்று ஒன்றை வைத்தார்கள். குழு நெடுநாள் கூடிக் கூடி யோசித்து ஒரு விதி செய்தது. எந்தத் துறைமுகத்துக்குப் பின்னிலம் பெரிதோ அதற்கே முன்னுரிமை. பின்னிலம் என்றால் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்துகொண்டு அதற்குச் சரக்கு அனுப்புகிற நாட்டுப்புறம். மணல்மேட்டுப் பட்டினத்துக்குப் பின்னால் இருந்தது ஒரு சவுக்குத்தோப்பும் அதை ஒட்டி ஒரு சுடுகாடும். சுடுகாட்டிலிருந்து ஏற்றுமதிக்கு வழி உண்டா என்றுகூட ஆராய்ந்து பார்த்தார்கள். கடைசியில் துறைமுக அதிகாரி தேசப்படத்தை விரித்து, ஆற்றின் மேல் விரலை வைத்து மேற்கே நகர்த்திக்கொண்டே போனார். மைசூர் ராஜ்யத்து எல்லைக்கு இந்தப்புறம் விரல் நின்றது. எல்லையைத் தாண்டினால் வேறு ராஜ்யத்தோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ள வேண்டும், அந்த வம்பு வேண்டாம் என்றுதான் நிறுத்தினார். விரல் நின்ற இடம் பாறைக்கொத்தூர்.

ஆனி மாதக் கடைசியில் டெல்லிக் குழுவின் தலைவரை அழைத்துக்கொண்டு துறைமுக அதிகாரி ஊருக்கு வந்தார். கூடவே குமாஸ்தாக்கள், குடைகள், ஒரு பெரிய பித்தளைத் தொலைநோக்கி. பாலத்தைப் பார்க்கத்தான் துரைமார் வருகிறார்கள் என்று ஊர் நினைத்தது. மேளம் வைத்து, ரங்கம்மாவும் காவேரியும் ஆரத்தி எடுத்து, வந்தவர்களைப் பரிசலில் ஏற்றி இந்தக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மேற்கே மழை பெய்து ஆறு அப்போதுதான் கொஞ்சம் ஏறியிருந்தது. வீட்டுக்கு வருகிறவரை நனையவிடாமல் கூட்டிவருவது அந்த ஊர் மரியாதை. அந்த மரியாதைதான் தலையில் கல்லைப் போட்டது.

கரையில் இறங்கியதும் துறைமுக அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. களைப்பினால் இல்லை, சந்தோஷத்தினால்.

"தலைவர் அவர்கள் கவனிக்க வேண்டும். நாம் இப்போது ஒரு கலத்தில் வந்தோம். கலம் ஓடுகிற நீர்வழி இது. இது நம் துறைமுகத்தின் நீட்சி."

தலைவர் தொலைநோக்கியால் அக்கரையைப் பார்த்தார். அக்கரை வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரிகிற தூரம்தான். "இந்தக் கலத்துக்குத் தலைவர் யார்?" என்று கேட்டார்.

ஊர் மொத்தமும் திம்மப்பனைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் திங்கட்கிழமை கோல் அவன் வாசலில் சாய்ந்திருந்தது, வேறு யாரைப் பார்ப்பார்கள்.

"இந்த வாரம் நாந்தாங்க" என்றான் திம்மப்பன்.

குமாஸ்தா எழுதிக்கொண்டார். "இந்த வாரம்" என்பது தேவையில்லாத விவரமாகப் பட்டதால் அதை விட்டுவிட்டார்.

அதன் பிறகு தலைவர் பேசினார். ஊரார் கல் குவியலின் மேலும் மரநிழலிலும் உட்கார்ந்து கேட்டார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு, மீதிப் பேருக்குக் கன்னடம். எல்லாருக்கும் தமிழ் தெரியும், ஆனால் இந்தத் தமிழ் தெரியாது.

"தேசத்தின் முன்னேற்றத்துக்கு முன்னுரிமை அவசியம். எதற்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பதுதான் எங்கள் முதல் முன்னுரிமை. அதைத் தீர்மானிக்கும் குழுவுக்குக் கட்டடம் கட்டுவது இரண்டாவது. மணல்மேட்டுப் பட்டினத்தில் கப்பல் இல்லையே என்று சிலர் குறை சொல்கிறார்கள். வசதியில்லாத இடத்துக்குக் கப்பலை வரவிடாமல் வைத்திருப்பது அந்தத் துறைமுகத்தின் பொறுப்புணர்ச்சியைக் காட்டுகிறது. இன்று உங்கள் ஊர் கடலோடு சேர்ந்துவிட்டது. கடல் உங்களைக் கைவிடாது."

கைதட்டச் சொல்லிக் குமாஸ்தா சைகை காட்டினார். தட்டினார்கள். திம்மப்பன் தட்டவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"சாமி, பாலம் எப்ப முடியும்? பொம்பள புள்ளத்தாச்சியா இருக்குது. புரட்டாசிக்குள்ள ஆயிடுங்களா?"

தலைவர் அவன் தோளில் கை வைத்தார். "துறைமுகமே வந்துவிட்டது. இனிமேல் உனக்குப் பாலம் எதற்கப்பா?"

ஆடி பிறந்தபோது பாலம் கட்ட வந்த ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு உத்தரவு வந்தது. திம்மப்பன் அதை எடுத்துக்கொண்டு நீந்தி, நடந்து, ஓசூர் சந்தையில் தோல் மண்டி வைத்திருக்கும் நசருல்லாவிடம் போனான். ஊர்ப் பரிசலுக்குத் தோல் கொடுக்கிறவர் அவர்தான். நாலு எழுத்துப் படித்தவர், படித்ததைக் கேட்கிறவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் தெரிந்தவர்.

நசருல்லா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"என்னா பாய் எழுதியிருக்குது?"

"உங்க ஆத்துல கப்பலு போவுமாம். பாலம் போட்டா கப்பலோட கொடிமரம் இடிக்கும்னு எழுதியிருக்கான். பாலம் வேணுமின்னா தென்னமரத்து உசரத்துக்குப் போடணுமாம். அதுக்கு இப்ப முன்னுரிமை இல்லையாம்."

"எங்க ஆத்துல எருமை படுத்தாலே முதுகு வெளிய தெரியுமே பாய்."

"அதெல்லாம் இதுல இல்ல. அந்தக் கல்லெல்லாம் இனிமே துறைமுகத்துச் சொத்து. பரிசலு ஒரு கப்பலு. நீ அதுக்குத் தலைவன். தேர்வு எழுதிச் சான்று வாங்குற வரைக்கும் நீயும் ஓட்டக் கூடாது, வேற எவனும் ஓட்டக் கூடாது. பூட்டுப் போட்டு முத்திரை வெக்கறாங்களாம்."

"அடுத்த வாரம் ராமப்பன் முறை பாய். அவனப் போயி நான் எப்பிடி ஓட்டாதன்னு சொல்றது?"

நசருல்லா உத்தரவை மடித்து அவன் கையில் வைத்தார். "நீ சொல்ல வேணாம் திம்மப்பா. சர்க்காரே சொல்லிட்டாங்க."

துறைமுக அதிகாரி ஓசூரிலேயே முகாம் போட்டிருந்தார். திம்மப்பன் வெயில் தாழும் வரை வாசலில் நின்று உள்ளே போனான். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், காப்பிகூட வரவழைத்துக் கொடுத்தார். கெட்டவர்களிடம் ஒரு கும்பிடு போட்டுத் திட்டிவிட்டு வரலாம். இவரை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உன் கஷ்டம் எனக்குப் புரிகிறது" என்றார் அதிகாரி. "நானும் பிள்ளை பெற்றவன்தான். ஆனால் நான் உன் ஒருத்தன் மனைவியைப் பார்ப்பதா, தேசத்தின் கடல் வாணிபத்தைப் பார்ப்பதா? பாலம் கட்டினால் உன் ஆறு வெறும் வாய்க்கால் ஆகிவிடும். வாய்க்கால் ஆனால் பின்னிலம் போய்விடும். பின்னிலம் போனால் நிதி போய்விடும். நிதி போனால் மணல் அள்ள முடியாது."

"நிதி வந்தா மணலு அள்ளுவீங்களாங்க?"

"அள்ளலாமா என்று ஆராய ஒரு குழு போடுவோம்."

அந்தக் கல்லையாவது கொடுங்கள், ஊராரே ஆற்றில் அடுக்கி நடக்க வழி செய்துகொள்கிறோம் என்று திம்மப்பன் கேட்டான். அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டினார். கல்லுக்கு வேறு வேலை வைத்திருந்தார்.

அந்த வேலை ஆடியிலேயே தொடங்கி ஆவணியில் முடிந்தது. விதிப்படி துறைமுகம் என்றால் கலங்கரை விளக்கம் இருக்க வேண்டும். பாலத்துக்காக வந்த கருங்கல்லை எல்லாம் பாறை மேல் ஏற்றி, உருண்டையாக ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் விளக்கு வைத்து, அடியில் நல்ல தேக்கில் ஒரு கதவும் போட்டார்கள். கடல் அங்கிருந்து எத்தனை தூரம் என்று கட்டிய மேஸ்திரிக்கே தெரியாது. விளக்கைப் பார்த்து வழி கண்டுபிடித்து வந்தவை சானமாவுக் காட்டு யானைகள்தாம். வந்து, கோபுரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு, கேழ்வரகைத் தின்றுவிட்டுப் போயின. பாதுகாவலனாக ஊர்க்காரன் முனிவேலையே வைத்தார்கள். திம்மப்பனுக்குப் பங்காளி. காக்கிச் சட்டையும் ஒரு சாவிக்கொத்தும் கொடுத்தார்கள். பரிசலைக் கரையேற்றிச் சங்கிலி போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள். யாரும் தொடக் கூடாது.

ஊர் சுரைக்குடுக்கையை வயிற்றில் கட்டிக்கொண்டு நீந்தியது. சாந்தம்மா நீந்த முடியாது. கல் குவியல் இருந்த இடத்துக்கு வந்து வெறும் தரையைப் பார்த்துவிட்டு, கோபுரத்தை நிமிர்ந்து பார்ப்பாள்.

"இம்மாங் கல்லா வந்துச்சு நமக்கு" என்றாள் ஒருநாள்.

ஆவணியில் தேர்வுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. திம்மப்பனுக்குப் போக மனசில்லை. போகாவிட்டால் பரிசல் அவிழாது. சாந்தம்மாவே கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸும் ரயிலும் மாட்டுவண்டியுமாக மணல்மேட்டுப் பட்டினத்துக்குப் போய்ச் சேர்ந்தான். பாறைக்கொத்தூரிலிருந்து கடலைப் பார்த்த முதல் ஆள் அவன்தான். இவ்வளவு தண்ணீர் இருந்தும் இங்கே யாரும் அக்கரைக்குப் போக வேண்டும் என்று அழவில்லையே என்று நினைத்துக்கொண்டான். துறைமுகத்தில் கப்பல் இல்லை. பாரம் தூக்கும் யந்திரத்தின் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. ஆபீஸ் மட்டும் மாடி மேல் மாடியாக இருந்தது.

சான்று வாங்கக் கடலில் ஓடும் கப்பலில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. கப்பல் இல்லாததால் ஒரு நாற்காலியைக் கடலைப் பார்த்துப் போட்டு அவனை உட்கார வைத்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்திருந்தான். நாள் போய்க்கொண்டே இருந்தது. என் பெண்சாதிக்கு நாள் கிட்ட வருகிறது என்று அவன் சொன்னபோதெல்லாம் கடல் அனுபவம் குறையக் கூடாது என்று பதில் வந்தது. தினம் சாயங்காலம் மேற்கே திரும்பி நின்று, புரட்டாசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் மடக்கி எண்ணுவான். கடைசியில் தேர்வு வைத்தார்கள்.

"எதிரே ஒரு பெரிய கப்பல் வருகிறது. என்ன செய்வாய்?"

"எங்க ஆத்துல கப்பலு வராதுங்களே."

"எங்கள் துறைமுகத்திலும்தான் வராது. கேட்டதற்குப் பதில் சொல்."

"கும்புட்டுட்டு ஒதுங்கிக்குவேங்க."

எதிரே வருகிற பெரியதற்கு வழிவிட வேண்டும் என்பதுதான் சரியான பதிலாம். தேறிவிட்டான்.

சான்றிதழைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திம்மப்பன் புரட்டாசி முதல் வாரம் ஊர் வந்து சேர்ந்தான். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தின்றுகொண்டிருந்தது. முனிவேலிடம் சான்றிதழை நீட்டினான்.

முனிவேல் தலையைத் தொங்கப்போட்டான். "முத்திரைய அதிகாரிதான் ஒடைக்கணுமாம்ண்ணே. அவரு டெல்லி போயிருக்காரு. நிதிக்கு."

ஆறு கொஞ்சம் தணிந்ததும் சாந்தம்மாவை எப்படியாவது அக்கரை சேர்த்து ஓசூரில் விட்டுவிடலாம் என்று திம்மப்பன் எண்ணினான். நசருல்லாவின் மனைவி வஜிஹா அவளுக்காக ஒரு அறையே ஒழித்து வைத்திருந்தாள். ஆறு தணியவில்லை. வலி முந்திக்கொண்டது. காலையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாரம்மா வந்து தொட்டுப் பார்த்தாள். திம்மப்பனின் முகத்தைப் பார்க்காமல், வெளியே போய்க் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"இதுவும் குறுக்கத்தான் கெடக்குது. நிக்காத. போ."

திம்மப்பன் ஓடினான். அவன் வருவதைப் பார்த்ததுமே முனிவேலுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனிடம் இருந்த சாவிக்கொத்தில் பரிசல் பூட்டின் சாவி மட்டும் இல்லை. ஒரு கல்லை எடுத்து அவனே பூட்டை உடைத்தான். பரிசலைப் புரட்டிப் போட்டார்கள். ஆடிக்கு முன்பே தோலை நனைத்து, புங்க எண்ணெய் பூசி, வாரம் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் தொடக் கூடாது என்றார்கள், யாரும் தொடவில்லை. இரண்டு மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்து தோல் கருவாடாகச் சுருங்கி, விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

ராமப்பன் தோட்டத்து வாழையை எல்லாம் வெட்டிச் சாய்த்து ஊரே தெப்பம் கட்டியது. மேலே படுக்க வைக்கப் பலகை இல்லை. முனிவேல் கோபுரத்துக்குப் போய்த் தேக்குக் கதவைப் பெயர்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். அந்தக் கலங்கரை விளக்கத்தால் ஊருக்கு நடந்த உபகாரம் அது ஒன்றுதான். கதவின் மேல் சாந்தம்மாவைப் படுக்கவைத்து, மாரம்மா அவள் காலடியில் உட்கார்ந்துகொள்ள, திம்மப்பனும் முனிவேலும் மற்ற ஆண்களும் தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். ஆறு அவர்களைக் கரைக்குக் கொண்டுபோகவில்லை, கீழே கீழே இழுத்துக்கொண்டு போயிற்று. நடு ஆற்றில், வேறு வழியில்லாமல் மாரம்மா கையை விட்டுத் திருப்பி எடுக்க, பிள்ளை பிறந்தது. பெண். அழுதது. அது அழுத சத்தத்தைக் கேட்டுத்தான் பிடி நழுவி, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் தண்ணீருக்குள் கிடந்த திம்மப்பன் மேலே வந்தான்.

வெகு தூரத்துக்குக் கீழே கரை சேர்ந்தார்கள். சாந்தம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. கதவு முழுக்கச் சிவந்திருந்தது. வண்டி பிடிக்க ஆள் ஓடியது.

"அந்தப் பக்கம் வந்துட்டமா?" என்று கேட்டாள்.

"வந்துட்டம் சாந்தா. வந்துட்டம்."

"அப்ப சரி" என்றாள். வண்டி வரும்போது அவள் இல்லை.

இதற்கு மேல் திம்மப்பனைப் பற்றிச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. துறைமுகத்தைப் பற்றிச் சொல்கிறேன், அது எப்போதும் நன்றாகவே இருந்தது.

பாறைக்கொத்தூர் உட்பிரிவின் ஆண்டறிக்கைக்கு விவரம் கேட்டு வந்தது. முனிவேலுக்கு எழுதத் தெரியாது. நடந்ததை நடந்தபடி ஓசூர் முகாம் குமாஸ்தாவிடம் அழுதுகொண்டே சொன்னான். பூட்டை உடைத்ததையும் கதவைப் பெயர்த்ததையும்கூடச் சொன்னான், வேலை போகட்டும் என்றுதான். குமாஸ்தா அதில் தேவையில்லாததை எல்லாம் கழித்துவிட்டு, அச்சிட்ட கட்டத்தில் எது பொருந்துமோ அதை எழுதினார். டெல்லியில் அதைப் படித்தார்கள். பாறைக்கொத்தூர். இந்த ஆண்டில் இந்த வழியே சென்றவை: ஏற்றுமதி ஒன்று. இறக்குமதி ஒன்று.

மணல்மேட்டுப் பட்டினத்து மற்ற எல்லா உட்பிரிவுகளிலும் சுழியம்தான் இருந்தது. சுழியத்திலிருந்து ஒன்றுக்கு ஏறியது எத்தனை சதவீத வளர்ச்சி என்று கணக்கிட முடியாமல் புள்ளிவிவர இலாகா திணறியது. "அளவிட முடியாத வளர்ச்சி" என்று போட்டார்கள். துறைமுகத்துக்கு முன்னுரிமைப் பட்டியலில் உயர்ந்த இடம் கிடைத்தது. அதிகாரிக்குப் பதவி உயர்ந்தது.

தை மாதம் அளவிட முடியாத வளர்ச்சியைக் கொண்டாடக் குழுத் தலைவர் மறுபடி வந்தார். கோபுரத்துக்குப் புதுக் கதவு போட்டிருந்தார்கள். கலத் தலைவர் திம்மப்பனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவன் போர்த்திக்கொண்டு நின்றான். மாரம்மா இடுப்பில் அவன் மகள் இருந்தாள், ஆட்டுப்பாலில் வளர்ந்துகொண்டிருந்தாள்.

"உனக்கு ஏதாவது கோரிக்கை உண்டா?" என்று தலைவர் கேட்டார்.

"பாலங்க."

தலைவர் துறைமுக அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். "போக்குவரத்து இப்போதுதான் பிடித்திருக்கிறது. இந்த நேரத்தில் பாலம் கட்டி அதைக் கெடுப்பதா? இந்த வளர்ச்சியை நீதானே அப்பா தொடங்கி வைத்தாய்."

தலைவர் துறைமுக எல்லையைக் கலத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நசருல்லா கொடுத்த புதுத் தோலில் ஊர் வேறு பரிசல் கட்டியிருந்தது. அதற்குள் தலைவருக்காக ஒரு நாற்காலி போட்டார்கள். தலைவரும் துறைமுக அதிகாரியும் குமாஸ்தாவும் தொலைநோக்கியும் ஏறினார்கள். திம்மப்பன் கோலை ஊன்றித் தள்ளினான். நடு ஆறு வந்ததும் நிறுத்தினான். பரிசல் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

"ஏன் நின்றுவிட்டது?" என்றார் தலைவர்.

"எம்முறை முடிஞ்சுதுங்க."

"முறை என்றால்?"

திம்மப்பன் கோலை நிமிர்த்தித் தண்ணீர் சொட்டச் சொட்ட எடுத்து, தலைவருடைய நாற்காலியில் பதமாகச் சாய்த்து வைத்தான். வீட்டு வாசலில் எப்படிச் சாய்ப்பானோ அப்படி.

"இனிமே உங்க முறைங்க."

சால்வையை மடித்துப் பரிசலின் விளிம்பில் போட்டுவிட்டு இறங்கினான். பின்னால் அதிகாரி அவனைக் கலத் தலைவரே என்று கூப்பிட்டார், பிறகு திம்மப்பா என்று கூப்பிட்டார். உத்தரவு போட்டார், கெஞ்சினார். நடு ஆற்றிலிருந்து கரைக்கு உத்தரவு போடும் அதிகாரம் யாருக்கு என்று குமாஸ்தா புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவரும் காலை வெளியே வைத்துப் பார்க்கவில்லை. முறை அவர்களுடையது, கோல் அங்கேயே இருந்தது.

திம்மப்பன் கரையைப் பார்த்து நடந்தான். மாரம்மா பிள்ளையை அவன் பக்கமாக நீட்டிக் காட்டினாள். தை மாதத்து ஆறு, தெளிந்து, அவன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. இவ்வளவு தண்ணீர் என்றால் சாந்தம்மா நடந்தே அக்கரை போயிருப்பாள்.